நீச்சல் குளம் வைத்த அதே வீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இருபது வருடத்துக்கு மேலாகிறது. காலையில் கடை திறந்ததும் மிஷின் சூடாகிற நேரத்தில் உங்கள் பேப்பரை ஒரு புரட்டு புரட்டிவிடுவேன். ஆனால் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு இணைப்பில் 'கனவுப் பலகை' செய்வது எப்படி என்று அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரு அட்டையை எடுத்து, நமக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதற்கெல்லாம் படம் தேடி வெட்டி ஒட்டி, கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி, தினமும் காலையில் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் வாழ்க்கை மாறும் என்று. அந்த ஒரு வாரத்தில் பதினைந்து பேருக்குக் குறையாமல் அந்தப் பக்கத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கலர் பிரிண்ட், லேமினேஷன், ஏ3 அட்டை என்று எனக்கு நல்ல வியாபாரம், அதுவும் ஜனவரிக் குளிரில், சீசனும் இல்லாத நேரத்தில். அதனால் முதலில் நன்றி. நன்றி சொன்ன வாயாலேயே குறை சொல்வது நல்லா இல்லைதான். இருந்தாலும் அந்தப் படங்களை அடித்துக் கொடுக்கிறவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊரில் எல்லாருக்கும் ஒரே கனவுதான் சார். எல்லாரும் செல்போனில் ஒரே வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்கள், முதலில் வருகிற படத்தை எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். மூன்று மாடி, கண்ணாடிச் சுவர், முன்னால் நீச்சல் குளம், ஓரத்தில் இரண்டு பனைமரம், ஒரு வெள்ளை வீடு இருக்கிறது பாருங்கள், அந்த ஒரு வீட்டை மட்டும் எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒரே வாரத்தில் தனித்தனியாக வந்து அதே வீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். படத்தை விற்கிற கம்பெனியின் பெயர் குறுக்கே மங்கலாக ஓடும், காசு கட்டினால்தான் அது மறையும். "அண்ணா, இந்த எழுத்தை மட்டும் எடுத்துடுங்களேன்" என்பார்கள். நான் எடுக்க மாட்டேன், அது இன்னொருத்தர் சொத்து. சரி அப்படியே குடுங்க என்று வாங்கிப் போய்விடுவார்கள். கனவு வீட்டின் நெற்றியில் எவனோ ஒருத்தன் பெயர்.

கோத்தகிரிக் குளிரில் அந்தக் குளத்தில் யார் இறங்கப் போகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, வியாபாரம் கெட்டுவிடும். ஆனால் இந்த மலையில் ஒரு குளியலறையாவது கட்டினவர்களுக்குத் தெரியும், இங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, சரிவு எவ்வளவு, மண் நிற்குமா, ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி வரைக்கும் போகுமா என்று ஆயிரம் கேள்வி. 2009 நவம்பர் மழையில் மண் எப்படி இறங்கி வந்தது என்று பார்த்தவர்கள் கண்ணாடிச் சுவரைக் கனவில் கூட வைக்க மாட்டார்கள். அந்தப் படத்தில் பட்டா இல்லை, தாலுகா ஆபீஸ் இல்லை, பேங்க் மேனேஜர் இல்லை, தடுப்புச் சுவருக்குக் கல் ஏற்றி வந்த லாரிக்காரர் இல்லை. வீடு மட்டும் தனியாக நிற்கிறது. என் வருத்தமே இதுதான், உங்கள் கட்டுரை முழுக்க இப்படி வீட்டை மட்டும்தான் ஒட்டச் சொல்கிறது.

அப்புறம் அந்தப் பெட்டிச் செய்தி. 1953-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்கள் லட்சியத்தை எழுதி வைத்திருந்தார்களாம், இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தையும் விட அந்த 3 சதவீதத்தின் சொத்து அதிகமாம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் யார் மலை ஏறி வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் இறங்குவதில்லை, சில பேர் யேலை எடுத்துவிட்டு ஹார்வர்டு என்பார்கள், வருடமும் மாறும். என் மகள் கோவையில் சைக்காலஜி படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "அது நடக்கவே இல்லப்பா" என்றாள். அப்படி ஒரு ஆய்வு நடந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை என்று யேல் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டதாம், அதைச் சொல்லியும் இருபது வருடத்துக்கு மேலாகிறதாம். பேப்பரில் அச்சாகிவிட்டால் எங்கள் ஊர் ஜனங்கள் நம்பிவிடுவார்கள், நானே நம்பினவன்தான். ஓரமாக ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

என்னடா இவன், பலகையே கூடாது என்கிறானா என்று நினைக்காதீர்கள். நானும் ஒட்டினவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் சுகர் எல்லை தாண்டி, டாக்டர் எட்டு கிலோவாவது இறக்கியே ஆகணும் என்று சொல்லிவிட்டார். கடையில் எல்லா வசதியும் இருக்கிறது, செலவும் இல்லை. கடற்கரையில் சட்டை இல்லாமல் ஓடுகிற ஒரு வெள்ளைக்காரன், வயிறு படிப்படியாக நிற்கிறது, அவனை ஏ3 ஃபோட்டோ பேப்பரில் அடித்து, மிஷினுக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினேன். ஒட்டின அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்ட மாதிரி, பாதி இளைத்தே விட்ட மாதிரி. அந்த நிம்மதியிலேயே பக்கத்து டீக்கடைக்குப் போய் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டேன். (வெளியூர்க்காரர்களுக்காக: ஊட்டி வர்க்கி 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காக, டீயில் நனைத்தால் சொர்க்கம், சுகர்க்காரனுக்கு எமன்.)

ஆறு மாதம் தினமும் பார்த்தேன். எடை ஒரு கிலோ ஏறியிருந்தது. மாறினது படம்தான். என் கடை கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழும். கலர் பிரிண்டில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் சிவப்பும் மஞ்சளும் முதலில் ஓடிவிடும், நீலம்தான் கடைசிவரை நிற்கும், பழைய கடைகளில் கண்ணாடிக்குள் ஒட்டின விளம்பரப் படமெல்லாம் நீலம் பாரித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடி பிறப்பதற்குள் என் வெள்ளைக்காரன் கிருஷ்ண பரமாத்மா மாதிரி ஆகிவிட்டான். மகள் லீவுக்கு வந்தவள் அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், அப்புறம் என் வயிற்றைப் பார்த்து இன்னொரு சிரிப்பு.

"ஒட்டின அன்னைக்கே சந்தோஷப்பட்டுட்டீங்க இல்லப்பா, அங்கதான் கெட்டுது" என்றாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கேப்ரியேல் ஏட்டிங்கன் என்று ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர். 1991-ல் டாமஸ் வாடன் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், உடம்பைக் குறைக்க சிகிச்சைக்கு வந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்திருக்கிறார்கள். இளைத்த பிறகு நாம் எப்படி ஜம்மென்று இருப்போம் என்று ரொம்ப இனிப்பாகக் கற்பனை செய்தவர்கள், அந்த அளவுக்கு இனிப்பாக நினைக்காதவர்களை விட ஏறக்குறைய 11 கிலோ கம்மியாகத்தான் இறக்கினார்களாம். ஆனால் ஒன்று, இதைக் கேட்டுவிட்டு நம்பிக்கையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆய்வில், நம்மால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகமாகத்தான் குறைத்திருக்கிறார்கள். முடியும் என்று நம்புவது ஒன்று, முடிந்தே விட்ட மாதிரி உட்கார்ந்து ரசிப்பது இன்னொன்று, நான் செய்தது இரண்டாவது. 2011-ல் இதே அம்மையார் இன்னொருவரோடு சேர்ந்து ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்திருக்கிறார். இனிய கற்பனையில் மூழ்கினவர்களுக்கு மேல் அளவு இறங்குகிறது, அதாவது வேலைக்குக் கிளம்ப வேண்டிய உடம்பு, வந்து சேர்ந்தாச்சு என்று காலை நீட்டிக்கொள்கிறது. எனக்கு அந்த இரண்டு வர்க்கியும் ஞாபகம் வந்தது.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-ல் வந்த ஆய்வு, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லியென் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் செய்தது. ஒரு கூட்டம் மாணவர்கள் தினமும் கொஞ்ச நேரம், நல்ல மார்க் வாங்கிவிட்டதாக நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு கூட்டம், தாங்கள் உட்கார்ந்து படிப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும், எங்கே, எந்தப் புத்தகம், எந்த நேரம் என்று. படிப்பதை நினைத்தவர்கள் சீக்கிரமே படிக்க ஆரம்பித்தார்கள், மார்க்கும் கூட வந்தது. மார்க்கை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் படித்த நேரமே குறைந்துபோனதாம்.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு வாடிக்கையாளர் ஞாபகத்துக்கு வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற ஒரு தங்கச்சி, சின்ன வயசுதான், ஒரு பெண் குழந்தை. ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் எல்.எல்.ஆர். கூரியர் பார்சல் போடுகிற வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள், ஸ்கூட்டி லைசென்ஸ் இருந்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இதைப் பெரிசு பண்ணிக் குடுங்கண்ணா" என்றார். முழுசாகவா என்றேன். இல்லை, கடைசித் தேதி மட்டும். எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தான் ஆயுசு, அந்தத் தேதியைக் கை அகலத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அப்புறம் மாதக் காலண்டர் தாள் ஒன்றைப் பிரித்தார், பின்பக்கம் அவரே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பெரிய 8 போட்டிருந்தார், அது பக்கத்தில் குட்டி எழுத்தில் என்னவோ நிறைய. லேமினேஷன் போடச் சொன்னார். மிஷின் சூடாகும்வரை அதைப் படித்துக்கொண்டிருந்தேன், படிக்கக் கூடாதுதான், தொழில் அப்படி.

'செவ்வாய் சனி 5 மணி கிரவுண்டு. மழைன்னா மறுநாள் காலை 6. பாப்பா அத்தை வீடு. அத்தை முடியாதுன்னா டீச்சர் வீடு. இடது பக்கம் திரும்பும்போது கால் ஊனுது, அங்க மட்டும் இருபது தடவை. அவர் கத்துனா பதில் சொல்லாம வண்டி எடுத்துடணும்.'

அவர் என்றால் கற்றுக்கொடுக்கிறவரா வீட்டுக்காரரா, நான் கேட்கவில்லை. "அண்ணா, இந்தக் கீழ்ப்பாதிக்கு லேமினேஷன் வேண்டாம், இதுல தினம் எழுதணும்" என்றார். பாதிக்கு மட்டும் போட முடியாதும்மா, பவுச்சில் வைத்தால் முழுசாகத்தான் ஒட்டும் என்று சொல்லி, தாளைக் கட்டரில் இரண்டாக வெட்டி, 8 இருக்கிற பாதிக்கு லேமினேஷன் போட்டு, எழுதுகிற பாதியை அதன் பின்னால் டபுள் டேப்பில் ஒட்டிக் கொடுத்தேன். முதல் தடவை டெஸ்ட்டில் அவருக்குக் கால் ஊன்றிவிட்டது, அதே இடது பக்கம்தான், மறுபடி விண்ணப்பம் போட ஜெராக்ஸ் எடுக்க வந்தார், முகத்தில் அழுகையும் இல்லை ஒன்றும் இல்லை, அந்தத் தாளில் 'இருபது' என்றிருந்ததை அடித்துவிட்டு 'நாப்பது' என்று போட்டிருப்பதாகச் சொன்னார். இரண்டாவது தடவை பாஸ். இப்போது எனக்கு டோனர் பார்சல் வந்தால் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவரே அவர்தான்.

மகளிடம் இதைச் சொன்னேன். இதற்கே ஒரு பெயர் இருக்கிறது என்றாள், இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. பீட்டர் கோல்விட்ஸர் என்பவர் ஆராய்ந்தது, 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரன் என்பவரும் 94 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, இதில் நல்ல பலன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களாம். ஏட்டிங்கன் அம்மையாரும் கடைசியில் இதையேதான் சேர்த்துக்கொண்டார், ஆசை, அது நிறைவேறினால் என்ன பலன், குறுக்கே நிற்கிற தடை எது, அந்தத் தடை வந்தால் என்ன செய்வேன், இந்த வரிசையில் யோசிக்கச் சொல்கிறார். கொழுந்துக்கூடை சுமக்கிற ஒரு பெண் காலண்டர் தாளின் பின்னால் தானாகவே இதை எழுதி வைத்திருந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

தடையில் இரண்டு ரகம் இருக்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரியவர், இரண்டு ஏக்கர் தேயிலை, சிறு விவசாயி. "தம்பி, கிலோ 40-ன்னு பெரிசா அடிச்சுக் குடு, வீட்டு வாசல்ல மாட்டணும்" என்றார். பசுந்தேயிலை விலை. அடித்துக் கொடுத்தேன், கூடவே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அந்த விலை அவர் பார்க்கிறதால் ஏறாது, நான் லேமினேஷன் போடுகிறதாலும் ஏறாது, குன்னூர் ஏலத்தில் டீத்தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விவகாரம் அது. அதற்குக் கூட்டம் போட வேண்டும், மனு கொடுக்க வேண்டும், உண்ணாவிரதம் இருக்க வேண்டும், எங்கள் மாவட்டத்து விவசாயிகள் எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒருத்தன் நேர்மறையாக நினைக்காததால்தான் அவனுக்கு விலை கிடைக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வரி உங்கள் கட்டுரையில் இருந்தது பாருங்கள், அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. பெரியவர் இரண்டு மாதம் கழித்து வந்து வேறொரு தாள் கேட்டார், எந்தப் பாத்தியை எந்தத் தேதியில் பறிக்கணும் என்று கட்டம் போட்டது, முற்றின இலை சேர்ந்தால் பேக்டரியில் கழித்துவிடுகிறார்கள் என்று. 40 இன்னும் வாசலில் தொங்குகிறதாம். தொங்கட்டும், அது ஒரு கோரிக்கை அட்டை.

பிள்ளைகள் விஷயம் இதைவிட மோசம். போன வாரம் ஒரு அப்பா தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார், ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. நெட்டில் எடுத்த ஒரு லேடி டாக்டர் படத்தில், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அந்த உடம்பின் மேல் இந்தப் பெண்ணின் முகத்தை வைத்து அடிக்கணும். பண்ணினேன், கம்ப்யூட்டரில் பத்து நிமிட வேலை. அவர் போன் பேச வெளியே போன நேரம், அந்தப் பெண் மெதுவாக, "அங்கிள், முகம் கொஞ்சம் மங்கலா வர்ற மாதிரி பண்ண முடியுமா" என்றாள். ஏம்மா என்றேன். "தினமும் நானே என்னைப் பாக்கணுமே அங்கிள்." நான் மங்கலாக்கவில்லை, அப்பா காசு கொடுக்கிறார், எனக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அது தப்பு என்று இன்றுவரை உறுத்துகிறது. உங்கள் கட்டுரையில் 'பெற்றோர்களே, உங்கள் குழந்தைக்கு நீங்களே ஒரு கனவுப் பலகை செய்து கொடுங்கள்' என்று ஒரு பத்தி இருக்கிறதே, அடுத்த தடவை அதை எடுத்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

என் கடையில் அதிகம் அடித்த முகம் எது தெரியுமா, அப்துல் கலாம். கனவு காணச் சொன்னவர் என்று எல்லாப் பலகையிலும் நடுவில் அவர்தான். நல்ல விஷயம். ஆனால் அவர் திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய எஸ்.எல்.வி-3 முதல் ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10-ல், கடலில் போய் விழுந்தது. அடுத்தது 1980 ஜூலை 18-ல், அதுதான் ரோகிணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம், எந்த இடத்தில் தப்பு என்று அவரும் அவருடைய ஆட்களும் தேடிக்கொண்டிருந்த வருடம். அந்த வருடத்தின் படத்தை இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இதை எழுதும்போது எங்கள் லயத்து வீட்டுச் சுவர் நினைவுக்கு வருகிறது, லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகள். 1964-ல் போட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, அப்பா அம்மா இருவருக்கும் எஸ்டேட் வேலை, நான் இங்கே பிறந்தவன். லயத்தில் சுவர் முழுக்கப் பேப்பர் ஒட்டியிருப்போம், அழகுக்கு இல்லை, குளிருக்கும் ஓதத்துக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தச் சுவரில்தான், தலைகீழாக ஒட்டின பக்கங்கள் உட்பட. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் பத்தாவது முடித்த வருடம், ஊரில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் நோட்டீஸ் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, நான் படுக்கிற பாய்க்கு நேரே, கண் திறந்தால் தெரிகிற உயரத்தில் மைதாப் பசையில் ஒட்டினார். டீக்கடையில் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், காலை ஆறு மணி வகுப்பு, அதற்கு எந்த பஸ், மாதம் எவ்வளவு என்று. அதற்குக் கீழே ஒரு ஆணி, ஆணியில் ஒரு சுருக்குப்பை. சம்பளத்தன்று முதல் காசு அதில்தான் விழும். ஒவ்வொரு மாதமும் ஃபீஸ் கட்டினதும் நோட்டீஸின் ஓரத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. லோயர் பாஸ் ஆகும்போது எத்தனை கோடு இருந்தது என்று நான் எண்ணவில்லை. இப்போது எண்ணிப் பார்க்க அந்த லயமே இல்லை, இடித்துவிட்டார்கள்.

அந்த டைப்ரைட்டிங்தான் என்னை இந்தக் கடைவரை கொண்டு வந்தது. ஆபீசர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் எதையும் அம்மா ஒட்டவில்லை, அவரிடம் இருந்திருந்தால் ஒட்டியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இனிமேல் செய்கிறவர்களுக்குத் தொழில்காரனாக நாலு வார்த்தை. தெர்மாகோல் வேண்டாம், நீங்கள் எழுதியிருந்தீர்கள், ஆனால் இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக்குக்கு எதிராக 2000-லிருந்தே பாடுபட்டு வருகிறோம், ஒருநாள் அந்தப் பலகை உடைந்தால் அந்த வெள்ளை மணிகள் எங்கள் ஓடையில்தான் மிதக்கும். (லேமினேஷன் மட்டும் என்னவாம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், பதில் இல்லை, பிழைப்பு.) பழைய காலண்டர் அட்டை போதும். எங்கள் பக்கம் வடகிழக்கு மழைதான் பலமாகப் பெய்யும், ஐப்பசி கார்த்திகையில் டபுள் டேப் சுண்ணாம்புச் சுவரை விட்டுக் கழன்று வந்துவிடும், இங்க்ஜெட்டில் அடித்த படம் ஈரத்தில் ஊறும், லேசரில் அடித்தால் ஊறாது. மைதாப் பசை என்றால் துளி மயில்துத்தம் கலந்து காய்ச்சுங்கள், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி உங்கள் கனவைத் தின்றுவிடும், குழந்தைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது விஷம். வீடு, கார், மாலைத் தீவு எல்லாம் ஒட்டுங்கள், ஆனால் அட்டையில் பாதியைக் காலியாக விடுங்கள், அதில் பென்சிலால் எழுதுங்கள், எது தடுக்கிறது, தடுத்தால் நாளைக்குக் காலையில் என்ன செய்யப் போகிறேன் என்று. காலிப் பாதிக்கு நான் காசு வாங்க மாட்டேன்.

அப்புறம் என் விஷயம். அந்த நீலக் கண்ணனைக் கிழித்துப் போட மனசு வரவில்லை, ஃபோட்டோ பேப்பர் தாளுக்கு விலை இருக்கிறது. திருப்பி ஒட்டிவிட்டேன். வெள்ளைப் பின்பக்கத்தில் மகள் சொன்ன மாதிரி எழுதியிருக்கிறேன்: சாயங்காலம் 4 மணிக்குப் பசி வரும், டீக்கடைக்காரர் கூப்பிடுவார், கூப்பிட்டால் 'சுகர் இல்லாம டீ மட்டும்' என்று அங்கிருந்தே கத்திவிட வேண்டும், உள்ளே போகக் கூடாது, உள்ளே போனால் வர்க்கித் தட்டு கண்ணில் படும். கடை அடைத்ததும் மேட்டு வழியாக நடந்தே வீட்டுக்கு, மழை என்றால் குடையோடு. நடந்த நாளுக்கு ஒரு கோடு. அக்டோபரிலிருந்து மூன்று கிலோ இறங்கியிருக்கிறது, டாக்டர் கேட்டது எட்டு. நேற்று கோடு போடவில்லை, உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். சட்டை போடாத அந்த ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.